வாங்கிய தேதி

இன்று காலை பதினொரு மணிக்குத் தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். பழக்க தோஷம், திறப்பதற்கு முன்பே மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து அதன் மூலையில் 'வாங்கியது சனிக்கிழமை' என்று எழுதித் தேதியும் போட்டேன். கரண்ட் பில் வந்தாலும், பாங்க் கடிதம் வந்தாலும், கல்யாணப் பத்திரிகை வந்தாலும் இதே வேலைதான். கூரியர்காரர் செல்போனை நீட்டி விரலால் கையெழுத்துப் போடச் சொன்னால், தேதியை எங்கே எழுதுவது என்று கேட்பேன். அவர் முழிப்பார், என் மகள் தலையில் அடித்துக்கொள்வாள். இன்றைக்கும் எழுதி முடித்த பிறகுதான் கவரைக் கிழித்தேன். உள்ளே கறுப்பு ஓரம் போட்ட அட்டையில் உன் போட்டோ இருந்தது.

உன் கருமாதிப் பத்திரிகை. போன வாரம் வியாழக்கிழமை நீ போய்விட்டதாக அச்சடித்திருந்தார்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உன் மகனுக்குப் போன் போட்டு, ஏன்டா எனக்குச் சொல்லவில்லை என்று கத்தினேன். அவன் பாவம், ஆறு தடவை அடித்தானாம். எந்த நம்பருக்கு என்று கேட்டேன். என் பழைய நம்பர். உன் டைரியில் அதுதான் இருந்ததாம். நம்பர் மாறிவிட்டது, எழுதிக்கொள் எழுதிக்கொள் என்று உன்னிடம் மூன்று தடவை சொன்னேன் இல்லையா? ஒவ்வொரு தடவையும், எப்படியும் நீதானே போன் பண்ணுவாய் என்று சொல்லிவிட்டாய். ஊருக்கெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தவள் நீ. என் விஷயத்தில் மட்டும் உனக்கு அத்தனை சோம்பல்.

போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் செலியமேட்டுக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். அதுவரைக்கும் என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே திங்கட்கிழமை அந்த மில்லில் சேர்ந்தோம். எழுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். நீ நூலைச் சிட்டம் போடுகிற ரீலிங் பகுதிக்கு, நான் ஆபீசில் டைப்பிஸ்ட். கேட்டில் டோக்கனுக்காக நிற்கும்போது, முன்பின் தெரியாத என்னிடம் இங்கிலீஷில் இருந்த உன் வேலை உத்தரவை நீட்டி, "இதுல இன்னாடி எழுதிகீது?" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. கன்னியர் மடத்துப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள் நான். யாரைப் பார்த்து டி போடுகிறாய் என்று கேட்டேன். நீ வாய் விட்டுச் சிரித்து, சரிங்கம்மா, படிச்சுச் சொல்லுங்கம்மா என்று கும்பிட்டாய். வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அன்றைக்கு உன்மேல் வந்த எரிச்சல் மதியச் சாப்பாடு வரைக்கும்தான் இருந்தது. நீ கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பின் வாசனை அதற்குமேல் விடவில்லை.

ஆறு மாதம் புரபேஷன் என்று அந்த உத்தரவில் இருந்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்டாய். வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் நிரந்தரம் செய்வார்கள் என்றேன். "எங்க வூட்லயும் அதே ஆறு மாசந்தான்" என்றாய். உன்னை மில்லுக்கு அனுப்ப உன் அப்பா போட்ட கெடு அது. ஆறு மாதத்தில் வேலை நிரந்தரமானால் தொடரலாம். ஆகாவிட்டால் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கிற தாய்மாமனைக் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். மாமன் நல்லவன்தான், ஆனால் எனக்கு அவன் தூக்கி வளர்த்த அண்ணன் மாதிரிதான் என்று நீ சொன்னாய். நான் புரபேஷன் என்ற சொல்லை அகராதியில் படித்தவள். நீ அதை உன் வீட்டுக் கூடத்திலேயே வைத்துக்கொண்டு தினமும் சாப்பிட்டு எழுந்தாய்.

சேர்ந்து ஒரு மாதத்துக்குள் அந்த மில்லின் வழக்கம் நமக்குப் புரிந்துவிட்டது. ரீலிங்கில் இருந்த பெண்களில் பாதிக்கு மேல் புரபேஷன்தான். புரபேஷனில் சேர்ந்து, புரபேஷனிலேயே கல்யாணமாகி, புரபேஷனிலேயே பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தவர்கள் இருந்தார்கள். கெடு முடிகிற சமயத்தில் ஒரு இங்கிலீஷ் கடிதம் வரும். உங்கள் வேலை இன்னும் திருப்திகரமாக இல்லை, புரபேஷன் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது. அது முடிந்தால் இன்னொரு கடிதம். யாரும் படித்துப் பார்ப்பதில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்து, தெரியாதவர்கள் கைநாட்டு. அந்தக் கடிதங்களை அடிப்பவள் நான். பெயரை மட்டும் மாற்றி மாற்றி அடிப்பேன். வேலை திருப்தி இல்லை என்று ஒரே வாரத்தில் ஏழு பேருக்கு அடித்திருக்கிறேன், அந்த ஏழு பேரும் எவ்வளவு சிட்டம் போட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் வேலையும் புரபேஷன். ஆபீஸ்காரர்களுக்கு ஒரு வருடம். அப்பா இல்லாத வீடு, அம்மா மடத்தில் சமையல் செய்தாள். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

சித்திரையில் ஒரு சாயங்காலம் திடீரென்று கோடை மழை கொட்டியது ஞாபகம் இருக்கிறதா? கேட் பக்கத்துத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே மில்லின் விதிகள், எல்லாம் இங்கிலீஷ். பொழுது போகவில்லை என்று நான் வாசிக்க ஆரம்பித்தேன். புரபேஷன் ஆறு மாதம். தேவைப்பட்டால் ஒரே ஒரு தடவை மூன்று மாதம் நீட்டலாம். ஆனால் அந்த நீட்டிப்பை ஆறு மாதம் முடிவதற்குள் எழுத்தில் தொழிலாளியிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் அவர் நிரந்தரமானதாகவே கொள்ளப்படும். நான் தமிழில் சொல்லச் சொல்ல நீ, இன்னொருவாட்டி சொல்லு, இன்னொருவாட்டி சொல்லு என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய். மழை நின்ற பிறகும் நீ அங்கேயே நின்று, உனக்குப் படிக்கத் தெரியாத அந்த வரியைக் கண்ணாடிமேல் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் ஆறு மாதம் வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக உன் நீட்டிப்பு உத்தரவை அடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று வியாழக்கிழமை சாயங்காலம் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். சரி சார் என்றேன். மறுநாள் வில்லியனூர் தேர்.

தேரன்றைக்கு மில் ஓடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாராவது மேனேஜரிடம் போய்ச் சொல்வார்களா? சுற்றுப்பட்ட கொம்யூன் ஊரெல்லாம் தேருக்கு வந்துவிடும். கவர்னரே வந்து வடம் பிடிக்கிற தேர். வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் காரில் வந்தபோது கேட்டில் பூட்டு. வாட்ச்மேன்கூட இல்லை, அவனும் தேருக்குப் போய்விட்டான்.

நானும் தேருக்குத்தான் வந்திருந்தேன், வேடிக்கை பார்க்க. நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெண்கள் பக்கத்து வடத்துக்குள் நுழைந்தாய். எங்கம்மாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவாள், நான் கோயில் கும்பிடுகிறவள் இல்லை, மாதா கோயிலுக்குப் போகிறவள் என்றேன். "கனமா இருக்குது, ஒரு கை குடுடி. சாமியை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். கொடுத்தேன். தேர் அசைந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வீட்டுக்குப் போகும்போது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். ரிப்பன் மாற்றும்போது வெந்நீர் பட்டது என்று அம்மாவிடம் புளுகினேன். ரிப்பனில் எங்கிருந்து வெந்நீர் வரும் என்று அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் முகம் சரியில்லை. உன் கடிதத்தை அடிக்கச் சொன்னார். தேதி என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைத் தேதி போடு என்றார். கண்ணாடிப் பெட்டியில் இருந்தது முழுக்க எனக்குத் தெரியும், இருந்தும் பேசவில்லை. வடம் பிடித்த கொப்புளம் ஆறாத கையோடு, தேரன்றைக்கு நான் ஆபீசில் இருந்ததாக வெள்ளிக்கிழமை என்று அடித்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

உன்னைக் கூப்பிட்டார்கள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து நின்றாய். கடிதத்தையும் கார்பன் காப்பியையும் நான்தான் உன் முன்னால் வைத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. காப்பியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மேனேஜர் காட்டினார். நீ பேனாவை வாங்கி மெதுவாக உன் பெயரை எழுதினாய். அப்புறம் தலையை நிமிர்த்தாமல் என்னைக் கேட்டாய்: "இன்னிக்குத் தேதி இன்னாமா?"

சொன்னேன். என்னையறியாமல் சொல்லிவிட்டேன். உன் பெயருக்குக் கீழே 'வாங்கியது திங்கட்கிழமை' என்று எழுதி, பெரிய பெரிய எழுத்தில் தேதி போட்டாய். மேனேஜர் எழுந்துவிட்டார். யார் உன்னை எழுதச் சொன்னது என்று கேட்டார். கையெழுத்துப் போட்டா தேதியும் போடணும் சார், எங்க அப்பா அப்படித்தான் போடுவாரு என்றாய். பயந்த மாதிரியே தெரியவில்லை. உன் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாய்.

உன் அப்பா ஏன் அப்படிப் போடுகிறார் என்பதை அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாய். உங்களுக்குக் கரும்பு. சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தால்தான் வெட்ட முடியும். ஆலை அனுப்புகிற பீல்டுமேன் அந்தச் சீட்டை நாலு நாள் பையில் வைத்திருந்துவிட்டு, பழைய தேதியோடு கொண்டுவந்து கொடுப்பான். அப்புறம் கரும்பு காய்ந்துவிட்டது, சொன்ன நாளில் நீ வெட்டவில்லை என்று ஆலை உங்கள் தலையிலேயே போடும். இரண்டு வருஷம் அடிபட்ட உன் அப்பா, அதன் பிறகு எந்தச் சீட்டு வந்தாலும் வாங்கிய தேதியை எழுதாமல் கையெழுத்துப் போடுவதில்லை. எழுதியவன் போட்டது அவன் தேதி, கைக்கு வந்தது நம்ம தேதி என்று சொல்வாராம். பாகூர்ப் பக்கம் கரும்பு போட்ட வீடுகளில் எல்லாருக்கும் இது தெரியும் என்றாய். கோயம்புத்தூர் மேனேஜருக்குத் தெரியவில்லை. மடத்துப் பள்ளியில் படித்த எனக்கும் தெரியவில்லை.

நான் அழுதேன். பழைய தேதியை நான்தான் அடித்தேன், என்னை மன்னித்துவிடு என்றேன். நீ முந்தானையில் முடிந்து வைத்திருந்த வேர்க்கடலையை என் கையில் கொட்டினாய். "நீ டைப் அடிச்ச, நான் தேதி போட்டேன். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்த்தோம். இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?" என்றாய். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாய்.

மறுநாளே வேறு காப்பி அடிக்கச் சொல்லி, அதில் வெறும் கையெழுத்து மட்டும் போடு என்றார்கள். நீ மறுத்தாய். அந்த வாரம் முடிவதற்குள் புரபேஷனில் வேலை திருப்தி இல்லை என்று சொல்லி உன்னைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். லேபர் ஆபீசருக்கு மனு எழுத வேண்டும் என்று நீ என் வீட்டுக்கு வந்தாய். மில் மெஷினில் அடித்தால் 'ஆர்' எழுத்து அரை வரி மேலே ஏறி விழும், கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் கையாலேயே எழுதினேன். என் கையெழுத்து தெரியக்கூடாது என்று சாய்த்து வேறு எழுதினேன். அதைப் பார்த்து, கோழி கிளறின மாதிரி இருக்குது, ஆபீசர் மயங்கி வுழுந்துடப்போறார் என்று சிரித்தாய். உனக்கு வேலை போயிருந்தது, பண்ருட்டியில் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்போதும் சிரித்தாய். எப்படித்தான் முடிந்ததோ.

விசாரணை ஆடி மாதத்தில், பாண்டிச்சேரி டவுனில். உன் தேதி இருந்த காப்பி ஆபீஸ் பைலிலிருந்து காணாமல் போயிருந்தது. உன் கையில் இருந்ததோ நான் அடித்த வெள்ளிக்கிழமைத் தேதி மட்டும் உள்ள கடிதம். மில் ஒரு கதை தயார் செய்தது. தேரன்று மில் ஓடவில்லை என்பது உண்மைதான், ஆனால் ஆபீஸ் அரை நாள் திறந்திருந்தது, டைப்பிஸ்ட் கடிதத்தை அடித்து இந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். அந்த டைப்பிஸ்ட் நான். ஒரே ஒரு வரி சொன்னால் போதும் என்றார் மேனேஜர். என்னைத் தன் காரிலேயே அழைத்துப் போனார். வில்லியனூர் தாண்டும்போது, என்னை நிரந்தரம் செய்கிற கன்பர்மேஷன் பைலும் தன் மேசைமேல்தான் இருக்கிறது என்று சொன்னார். குரல் உயர்த்தவில்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் நீ வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? எனக்காக எதுவும் சொல்லிவிடாதே, தெரியாது என்று சொல்லிவிடு, உங்க அம்மாவுக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னை வெளியே போ என்று விரட்டினேன். உன்மேல் ஆத்திரமில்லை. தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று நீ வருவதற்கு முன்பே நான் முடிவு செய்து வைத்திருந்தேன். அதை நீயே வந்து எடுத்துக் கொடுத்ததும் எனக்கு என்னைச் சகிக்க முடியவில்லை. இதை உன்னிடம் கடைசி வரை சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

சின்ன அறை. ஒரு பக்கம் மேனேஜர், நான். எதிரே நீயும் உன் அப்பாவும். அவர் வேட்டியில் கரும்புக்கொல்லைச் சேறு காயாமல் இருந்தது. லேபர் ஆபீசர் வயசானவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை நீங்கள்தான் கொடுத்தீர்களா என்று என்னைக் கேட்டார். நீ என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாய், வேண்டாம் என்று. அந்தத் தலையாட்டல்தான் என்னை எழுந்து நிற்க வைத்தது.

"வெள்ளிக்கிழமை ஆபீசே இல்ல சார். நானும் இவளும் தேர் வடம் புடிச்சிக்கினு இருந்தோம். இது திங்கட்கிழமை நான் அடிச்சது. பழைய தேதியும் நான்தான் போட்டேன், மேனேஜர் சொன்னாரு. இவ அன்னிக்கே வாங்கின தேதியைக் கீழே எழுதினா. நான் பக்கத்துலதான் நின்னேன்."

ஆபீசர் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தார். அப்புறம் மேனேஜர் பக்கம் திரும்பினார். புரபேஷனை நீட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை, உங்கள் விதியிலேயே இடம் இருக்கிறது, ஆனால் அதைக் கெடு முடிவதற்குள் செய்திருக்க வேண்டும் என்றார். "நடந்துக்கிட்டு இருக்கறதை நீட்டலாங்க. முடிஞ்சு போனதை நீட்ட முடியாது" என்றார். உன் அப்பா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர், அப்போதுதான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

திரும்பும்போது என்னைக் காரில் ஏற்றவில்லை. உங்களோடு பஸ்ஸில் வந்தேன். விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வடம் பிடித்ததற்காக அம்மா அரை மணி நேரம் திட்டினாள், பங்குச் சாமியாருக்கு என்ன பதில் சொல்வேன் என்றாள். சாட்சி சொன்னதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எனக்குத் தட்டு வைத்தாள்.

இரண்டு வாரத்தில் உன்னைத் திரும்ப எடுத்தார்கள். நிரந்தர உத்தரவை நான்தான் அடித்தேன், ஒரு எழுத்துப் பிசகாமல். பண்ருட்டி மாமனுக்கு உன் அப்பாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ரீலிங் பெண்கள் பெட்டிக்கு அடியிலும் அரிசிப் பானையிலும் கிடந்த பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு தடவைக்கு மேல் நீட்டியது செல்லாது என்று ஒவ்வொருவராக அவர்களும் நிரந்தரமானார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. கைநாட்டு வைக்கிறவர்கள்கூட உன்னிடம் உட்கார்ந்து எண்களை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டார்கள். பெயர் எழுத வராது, தேதி எழுத வரும். அப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

எனக்குக் கார்த்திகையோடு ஒரு வருடம் முடிய வேண்டும். மேனேஜர் இந்தத் தடவை தவறு செய்யவில்லை. கெடுவுக்குப் பத்து நாள் முன்பாகவே கூப்பிட்டு ஒரு நீட்டிப்பு உத்தரவு அடிக்கச் சொன்னார். பெயர் என்று கேட்டேன், என் பெயரைச் சொன்னார். மூன்று மாதம். என் கடிதத்தை நானே அடித்து, நானே வாங்கி, நானே கையெழுத்துப் போட்டேன். மதியம் நீ மாடிக்கு ஓடி வந்தாய். "தேதி போட்டியா?" என்று கேட்டாய். போட்டேன் என்றேன். சரி, மூணு மாசந்தானே, நான் கீறேன் என்றாய். அந்த மூன்று மாதமும் என்னோடு ஆபீசில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ தினமும் உன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்து என்னோடு சாப்பிட்டாய்.

மாசியில் வேலை திருப்தி இல்லை என்று என்னை அனுப்பிவிட்டார்கள். எல்லாம் விதிப்படி, சரியான தேதியில். ஒரு குறையும் சொல்ல முடியாது. நீ கேட்டுக்கு வெளியே என்னைத் துரத்திக்கொண்டு வந்து, நானும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நின்றாய். உன்னை அன்றைக்கு நடுரோட்டில் திட்டிய மாதிரி வேறு யாரையும் நான் திட்டியதில்லை. "நீயும் வெளிய வந்துட்டா நான் சொன்னது எதுக்குடி? போடி உள்ளே" என்று உன் தோளைப் பிடித்துத் திருப்பிக் கேட்டுக்குள் தள்ளினேன். அன்றைக்குத்தான் நான் உன்னை முதல் தடவையாக டி போட்டேன். நீ அழுதுகொண்டே அதைச் சொல்லிக் காட்டினாய்.

எனக்கு வேறு வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது நீ ஒரு பையோடு வாசலில் நிற்பாய். கத்தரிக்காய், கருணைக்கிழங்கு, மணப்பட்டுக் கடற்கரையில் வாங்கிய மீன், தைப் பொங்கலுக்குக் கரும்பு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது, இது என்ன பிச்சையா என்று ஒரு நாள் பையைத் தள்ளினேன். நீ அசரவில்லை. "புரபேஷன்னு வெச்சிக்கோ. உனக்குப் புடிக்கலன்னா நிறுத்திடறேன்" என்றாய். எங்கம்மாவே சிரித்துவிட்டாள். அப்புறம் பாகூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, வேறு ஊர் போனேன். நீ உன் விருப்பப்படி, வேலைக்குப் போவேன் என்று முன்கூட்டியே சொல்லிக் கட்டிக்கொண்டாய். வயதாகி ஓய்வு பெறும்வரை அதே மில்லில் இருந்தாய். கடைசி நாள் சந்தன மாலையோடு எனக்குப் போன் பண்ணி, கடைசிக் கையெழுத்துக்கும் தேதி போட்டுட்டேன் என்றாய்.

நான் சொன்ன அந்தச் சாட்சியால் என் வேலை போனது என்று நீ கடைசி வரை வருத்தப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் மகன் இன்றைக்கும் அதைத்தான் சொன்னான், அம்மா உங்களைப் பற்றிப் பேசினால் கண் கலங்கிவிடுவார் என்று. பைத்தியக்காரி. அந்த அறையில் எழுந்து நின்ற ஒரு நிமிஷத்தை வைத்துக்கொண்டுதான் நான் மீதி வருஷங்களை ஓட்டினேன். அதை எனக்குக் கொடுத்தவள் நீ.

இப்போது மணி ஐந்து. உன் அட்டை என் முன்னால் இருக்கிறது. இதில் நீ போனது போன வாரம் வியாழக்கிழமை என்று அச்சடித்திருக்கிறது. அந்த வியாழக்கிழமை நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். புளி ஆய்ந்தேன். வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக்காரியோடு குழாயடியில் சண்டை, இதை உன்னிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கருவாடு வாங்கினேன், உன் குழம்புக்கு மட்டும் எப்படி அந்த வாசனை வந்தது என்று கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவதாக இருந்தேன். அதாவது நாளைக்கு.

முடிந்து போனதை நீட்ட முடியாது என்றார் அந்த ஆபீசர். எனக்குத் தெரியும். நான் நீட்டச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் எழுதியவன் போட்டது அவன் தேதி. அச்சடித்த வியாழக்கிழமைக்குக் கீழே, உன்னைப் போலவே பெரிய பெரிய எழுத்தில், 'வாங்கியது சனிக்கிழமை' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். நடுவில் ஒன்பது நாள் இருக்கிறது. அந்த ஒன்பது நாளும் நீ செலியமேட்டில் உயிரோடு இருந்தாய்டி, நான் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன்.